டெலோமியர் டெஸ்ட் கிட்: ஒரே வாய், ஒரே காலை, இரண்டு வயது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் படிப்பவர்கள் இத்தோடு கிளம்பிவிடலாம். பெட்டி அருமை, கூரியர் அருமை, ஆப் பரவாயில்லை. அவர்கள் தருகிற 'உயிரியல் வயது' மட்டும் கொடுத்த காசுக்குப் பெறாது. ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் மேலே படியுங்கள், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. எச்சில் வாங்கி, குரோமோசோம் நுனியில் இருக்கும் டெலோமியர் என்ற டிஎன்ஏ பகுதியின் நீளம் பார்த்து, உடம்புக்கு உள்ளே எவ்வளவு வயதாகியிருக்கிறது என்று சொல்கிறோம் என்று விற்பவர்கள் பல பேர் இருக்கிறார்கள். பெட்டியின் நிறம்தான் மாறுகிறது, உள்ளே நடக்கும் டெஸ்ட் பெரும்பாலும் ஒன்றேதான்.

நான் கோவையில் ஒரு மருத்துவமனை லேபில் டெக்னீஷியன். சர்க்கரை, யூரியா, தைராய்டு என்று முப்பது வருடத்துக்கு மேல் மற்றவர்களுடைய ரத்தத்தோடுதான் என் காலைப்பொழுது. அதனால் பெங்களூரில் இருக்கும் மருமகள் "அத்தை, உங்க ரெண்டு பேருக்கும் கப்பிள் பேக் அனுப்பியிருக்கேன், ஆஃபர்ல வந்துச்சு" என்றபோது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அடுத்தவர் லேபை வேவு பார்க்க இலவசமாக ஒரு வாய்ப்பு கிடைத்தால் எந்த டெக்னீஷியன் விடுவாள்? வீட்டுக்காரர் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். "என் வயசு ஆதார் கார்டுலயே இருக்கு, இதுக்குத் துப்ப வேற துப்பணுமா?" ஆக, இரண்டு கிட்டும் எனக்கே.

பெட்டியைப் பற்றிக் குறை சொல்ல மனசு வரவில்லை. வாய் அகலமான புனல் வைத்த குழாய், நிரப்ப வேண்டிய அளவுக்குக் கோடு, மூடியைத் திருகினால் டிஎன்ஏ கெடாமல் காக்கும் திரவம் தானாகக் கீழே இறங்கும் அமைப்பு, கசிந்தால் உறிஞ்ச ஒரு துண்டு, பார்கோடு ஒட்டிய ஜிப் கவர். எங்கள் லேபுக்கு வெளியிலிருந்து வரும் சாம்பிள்கள் பாதி இந்த லட்சணத்தில் வந்தால் நான் சாமிக்குத் தேங்காய் உடைப்பேன். துப்புவதற்கு முன் அரை மணி நேரம் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, வெற்றிலை பாக்கும் கூடாது என்று ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் போட்டிருக்கிறது, தமிழில் இல்லை. கோடு வரை நிரப்ப வேண்டியது எச்சிலைத்தான், நுரை கணக்கில் சேராது என்பதைப் படத்தில் காட்டியிருக்கலாம். வயதானவர்களுக்கு வாய் வறண்டிருக்கும், அந்தக் கோட்டைத் தொடுவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடும்.

இனி நான் செய்த காரியம். எங்கள் தொழிலில் ஒரு புது மெஷின் வந்தால் முதலில் பார்ப்பது அதன் பளபளப்பை அல்ல. ஒரே சாம்பிளை இரண்டு தடவை ஓட்டி, இரண்டு தடவையும் ஒரே பதில் வருகிறதா என்று பார்ப்போம். அதையேதான் இங்கேயும் செய்தேன். ஒரே நாள் காலை, ஒரே வாய், ஒரு குழாய் நிரம்பியதும் அடுத்த குழாய். ஒன்று என் பெயரில். இன்னொன்றை என் தங்கை பெயரில் பதிவு செய்தேன், பிறந்த தேதி மட்டும் என்னுடையதே. தூக்கம், நடை, புகைப்பழக்கம் என்று ஆப் கேட்ட கேள்விகளுக்கும் இரண்டிலும் ஒரே பதில். இப்படிச் செய்வது அவர்களுடைய விதிமுறைக்கு ஒத்துவராது என்று தெரியும். மற்றவர்கள் செய்ய வேண்டாம்.

ரிப்போர்ட் ஆப்பில் வந்தது. எனக்கு 56 வயது. என் பெயரில் வந்ததில் பச்சை வட்டத்துக்குள் 51, பக்கத்தில் வாழ்த்து, மேலிருந்து காகிதப் பூ கொட்டுகிற மாதிரி ஒரு அனிமேஷன். தங்கை பெயரில் வந்ததில் ஆரஞ்சு வட்டத்துக்குள் 61, "உங்கள் செல்கள் வேகமாக முதுமையடைகின்றன" என்று ஓர் எச்சரிக்கை, அதற்குக் கீழேயே கேப்சூல் வாங்கும் பட்டன். ஒரே எச்சிலுக்கு.

இதோடு நிறுத்தி "ஏமாற்று வேலை" என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் விஷயம் அப்படி இல்லை, அதைவிடச் சுவாரசியமானது. பிடிஎஃப் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் அசல் அளவு இருந்தது. ஒன்றில் 1.02, இன்னொன்றில் 0.98. அதைப் பார்த்ததும் எனக்கு அந்த லேபில் வேலை செய்யும் முகம் தெரியாத பிள்ளைகள் மேல் மரியாதைதான் வந்தது. அவர்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

எப்படி என்று சொல்கிறேன். நம் செல் ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நுனி, ஆக 92 நுனிகள். அந்த நுனிகளில் டிடிஏஜிஜிஜி என்ற ஆறு எழுத்து திரும்பத் திரும்ப ஆயிரக்கணக்கில் வரும். அந்தப் பகுதிதான் டெலோமியர். செல் பிரியும்போது டிஎன்ஏவை நகலெடுக்கும் என்சைமால் கடைசி நுனிவரை நகலெடுக்க முடியாது, அதனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறையும். இதை அளக்க, 2002இல் ரிச்சர்ட் கௌதன் என்ற ஆராய்ச்சியாளர் பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கி அளக்கும் முறை) வைத்து ஒரு சுலப வழி சொன்னார். சாம்பிளில் டெலோமியர் எழுத்துகள் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு ரன், எல்லாருக்கும் மாறாமல் இருக்கும் ஒரு ஜீன் எவ்வளவு இருக்கிறது என்று இன்னொரு ரன், முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவதுதான் அந்த 1.02. டி/எஸ் விகிதம் என்பார்கள். மலிவு, வேகம், ஒரே தட்டில் பல பேருடைய சாம்பிளை ஓட்டலாம். ஆயிரக்கணக்கானவர்களை வைத்து நடக்கும் ஆராய்ச்சிகளுக்கு இந்த முறை ஒரு வரம்.

1.02க்கும் 0.98க்கும் வித்தியாசம் நான்கு சதவீதம். பிசிஆரில் இரண்டு தனித்தனி சாம்பிள் நான்கு சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் நான் சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போடுவேன். எங்களிடம் மூன்று மாத சர்க்கரை அளவு ஒரு தடவை 7.0, மறு தடவை 7.3 என்று வந்தால் அதுவும் இதே நான்கு சதவீதம்தான். எந்த டாக்டரும் அதற்காக மாத்திரையை மாற்ற மாட்டார்.

ஆனால் டெலோமியர் கதை வேறு. ஐம்பதுகளில் இருப்பவரின் வெள்ளை அணுக்களில் டெலோமியர் தோராயமாக ஆறாயிரத்திலிருந்து ஏழாயிரம் எழுத்து நீளம். வருடத்துக்குக் குறைவது சராசரியாக 20 முதல் 30 எழுத்து. 6,500இல் நான்கு சதவீதம் என்றால் 260 எழுத்து. வருடத்துக்கு 25 என்று வகுத்துப் பாருங்கள், பத்து வருடத்துக்கு மேல் வருகிறது! லேபில் யாரும் கண்டுகொள்ளாத சின்னப் பிசிறு, வயதாக மாற்றும்போது பத்து வருடமாக ஊதிவிடுகிறது. தங்கத்தைக் காய்கறித் தராசில் நிறுத்த மாதிரி. தராசில் பழுது இல்லை, வைத்த பொருள்தான் அதற்கானது அல்ல. இந்த பிசிஆர் முறையில் பிசிறு ஐந்து சதவீதம் வரை போவது சகஜம், லேபைப் பொறுத்து அதற்கு மேலும் போகும். சதர்ன் பிளாட் என்கிற பழைய முறை இதைவிடத் துல்லியம். ஆனால் டிஎன்ஏ நிறைய வேண்டும், கைவேலை அதிகம், பெட்டி வியாபாரத்துக்குக் கட்டுப்படியாகாது.

இதில் எச்சில் வேறு. எச்சிலில் வெள்ளை அணுக்களும் இருக்கும், கன்னத்தின் உட்புறத் தோல் செல்களும் இருக்கும். இரண்டிலும் டெலோமியர் நீளம் ஒன்றல்ல. ஈறு வீங்கியிருந்தால் வெள்ளை அணு கூடிவிடும், கலவை மாறும். அடுத்த மாதம் துப்பினால் வேறு கலவை. "ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட் செய்து முன்னேற்றத்தைக் கவனியுங்கள்" என்று சந்தா வேறு விற்கிறார்கள். ஆறு மாதத்தில் குறையக்கூடியது பத்துப் பதினைந்து எழுத்து, பிசிறோ நூற்றுக்கணக்கில். எதைக் கவனிப்பது?

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். பேசிய பெண் நல்ல மரியாதையாகத்தான் பேசினாள். "இந்த வயசு முன்னே பின்னே எவ்வளவு தள்ளிப் போகும்மா?" என்று கேட்டேன். "எங்க டெஸ்ட்ல எரரே வராது மேடம், முழுக்க ஆட்டோமேட்டிக்" என்றாள். எரரே வராத டெஸ்ட் என்று ஒன்றை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. எங்கள் லேபில் தினமும் காலையில், முதல் நோயாளியின் சாம்பிளைத் தொடுவதற்கு முன், அளவு தெரிந்த கண்ட்ரோல்களை ஓட்டி சார்ட்டில் புள்ளி வைப்போம். புள்ளி கோட்டைத் தாண்டினால் அன்றைக்கு ரிப்போர்ட் வெளியே போகாது, டாக்டர் எத்தனை தடவை போன் அடித்தாலும் சரி. 51 என்று போடுவதற்குப் பதிலாக '45லிருந்து 65க்குள் எங்கோ' என்று போட்டிருந்தால் நான் இந்த விமர்சனத்தையே எழுதியிருக்க மாட்டேன். அப்படிப் போட்டால் யார் வாங்குவார்கள் என்பது வேறு விஷயம்.

கிட்டோடு ஒரு வழவழப்பான கையேடு வருகிறது. அட்டையிலேயே நோபல் பரிசைப் பற்றிப் போட்டிருக்கிறார்கள். 2009 மருத்துவ நோபல்: எலிசபெத் பிளாக்பர்ன், கேரல் கிரைடர், ஜாக் ஷோஸ்டாக். அது உண்மைதான். எனக்கு உறுத்தியதும் இங்கேதான். அந்த ஆராய்ச்சி எப்படி நடந்தது என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கையேடு கொஞ்சம் கூச்சமாகவே இருக்கும்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். நியூயார்க்கில் அலெக்சிஸ் காரெல் என்ற நோபல் பரிசு பெற்ற டாக்டர், 1912இல் கோழிக்குஞ்சின் இதயத் திசுவை வளர்க்க ஆரம்பித்தார். அது முப்பது வருடத்துக்கு மேல் பிரிந்துகொண்டே இருந்தது என்றார்கள். செல்லுக்குச் சாவே இல்லை என்று ஊர் உலகமே நம்பியது. 1961இல் ஃபிலடெல்ஃபியாவில் லெனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் மனித செல்களை வளர்த்தபோது ஏறக்குறைய ஐம்பது தடவை பிரிந்ததும் நின்றுவிட்டன. வளர்க்கும் திரவம் சரியில்லை, கிருமி புகுந்திருக்கும் என்றெல்லாம் சந்தேகம் வரும் இல்லையா? அதற்கு ஹேஃப்ளிக் செய்த சோதனை இருக்கிறதே, லேபில் வேலை செய்பவர்கள் எழுந்து நின்று கைதட்ட வேண்டியது. ஏற்கெனவே பல தடவை பிரிந்து களைத்த ஆண் செல்களையும், இன்னும் இளசாக இருக்கும் பெண் செல்களையும் ஒரே பாட்டிலில் கலந்துவிட்டார். களைத்த ஆண் செல்கள் மட்டும் தனியாக இன்னொரு பாட்டிலில். தனிப் பாட்டிலில் பிரிவது நின்றதும் கலவைப் பாட்டிலைப் பார்த்தால், அங்கே இருந்தவை எல்லாம் பெண் செல்கள். திரவத்தில் கோளாறு என்றால் இரண்டுமல்லவா போயிருக்க வேண்டும்? அப்போ செல்லுக்குள்ளேயேதான் கணக்கு ஓடுகிறது. காரெலின் பாட்டிலில், உணவாக ஊற்றிய கோழிக்கருச் சாற்றோடு புது செல்களும் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

அந்தக் கணக்கு குரோமோசோம் நுனியில் இருக்கலாம் என்று 1971இல் ரஷ்யாவில் அலெக்ஸி ஒலொவ்னிகோவ் எழுதினார்; சோதனை ஏதுமில்லை, யோசனை மட்டும். நுனியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தவர் பிளாக்பர்ன். குளத்துத் தண்ணீரில் வாழும் டெட்ராஹைமினா என்ற ஒரு செல் உயிரியை எடுத்துக்கொண்டார். அதில் குட்டிக் குட்டி குரோமோசோம்கள் ஏராளம், அதனால் நுனிகளும் ஏராளம். 1978இல் ஜோசப் கால் உடன் சேர்ந்து அந்தத் திரும்பத் திரும்ப வரும் எழுத்துகளை வெளியிட்டார். குறையும் நுனியைத் திரும்ப நீட்ட ஏதாவது என்சைம் இருக்குமோ என்று பெர்க்லியில் அவரிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த கேரல் கிரைடர் தேடினார். 1984 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று லேபுக்குப் போய் எக்ஸ்ரே ஃபிலிமைப் பார்த்தால், ஆறு ஆறு எழுத்தாகக் கூடிக்கொண்டே போகும் ஏணிப்படி வரிசை. டெலோமரேஸ் என்சைமின் முதல் தடயம் அது. அப்போது அவருக்கு வயது 23.

அடுத்த நாளே அறிவித்துவிடவில்லை. தெரிந்த வேறு ஏதோ என்சைம்தான் இப்படி ஏமாற்றுகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, கட்டுரை வெளியானது 1985 டிசம்பரில். கண்ணெதிரே ஃபிலிமில் தெரிந்ததைக்கூட உடனே நம்பாமல் மாதக்கணக்கில் சந்தேகப்பட்டவர்களின் பெயரை, ஒரே ஒரு ரன்னை வைத்து எனக்கு ஐந்து வயது குறைத்தவர்கள் அட்டையில் போட்டுக்கொள்கிறார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும், அறிவியல்காரர்களிடையேயும் இந்த டெஸ்ட் விஷயத்தில் ஒரே கருத்து இல்லை. 2010 வாக்கில் பிளாக்பர்னே இப்படி ஒரு டெஸ்ட் கம்பெனி தொடங்குவதில் பங்கெடுத்தார். தனி மனிதர்களுக்கு இதனால் பயன் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னவர்களில் கிரைடரும் ஒருவர். ஒரே பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள்! நான் கிரைடர் கட்சி. (நோபல் பரிசுப் போன் வந்தபோது அவர் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாராம். அதனால் கட்சி சேரவில்லை, ஆனாலும் பிடித்திருந்தது.)

கையேட்டின் நடுப்பக்கத்தில் "மன அழுத்தம் உங்களுக்குப் பத்து வயதைக் கூட்டிவிடும்" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. இது எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. 2004இல் எலிசா எபெல், பிளாக்பர்ன் குழுவினர் 58 பெண்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பல பேர் நாள்பட்ட நோயுள்ள பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாக்கள். மன அழுத்தம் மிக அதிகம் என்று சொன்னவர்களின் டெலோமியர், மிகக் குறைவு என்று சொன்னவர்களைவிடச் சராசரியாகப் பத்து வருடத்துக்குக் குறையாத அளவு குட்டை. நல்ல ஆய்வு, அந்த அம்மாக்களை நினைத்தால் மனசு கனக்கிறது. ஆனால் அது கூட்டத்தின் சராசரி. கூட்டத்தில் தெரியும் சாய்வை வைத்துத் தனி ஆளுக்கு ஜாதகம் எழுத முடியாது. ஒரே வயதுக்காரர்களுக்குள்ளேயே டெலோமியர் நீளம் ஆயிரக்கணக்கான எழுத்து வித்தியாசப்படும். ஏன், பிறந்த குழந்தைகளுக்குள்ளேயே அப்படித்தான். இன்றைக்கு ஒருவருக்குக் குட்டையாக இருக்கிறது என்றால் வேகமாகக் குறைந்ததா, பிறக்கும்போதே அவ்வளவுதானா என்று ஒரு டெஸ்டில் சொல்லவே முடியாது.

கையேட்டில் இருக்கும் "நீளம் கூடினால் ஆயுள் கூடும்" என்ற வரிக்கு வருவோம். இது நேரடியாகவே தப்பு. லேபில் வளரும் எலிக்கு நம்மைவிடப் பல மடங்கு நீளமான டெலோமியர். அது வாழ்வது இரண்டு மூன்று வருடம். விண்வெளியில் ஏறக்குறைய ஒரு வருடம் இருந்த ஸ்காட் கெல்லிக்கு அங்கே டெலோமியர் நீண்டது, தரையிறங்கிய சில நாளிலேயே பழைய நிலைக்குச் சுருங்கியது; அதற்காக விண்வெளியில் அவருக்கு இளமை திரும்பியது என்று யாரும் சொல்லவில்லை. புற்றுநோய்க் கட்டிகளில் நூற்றுக்கு 85, 90இல் டெலோமரேஸ் விழித்துக்கொண்டு வேலை செய்கிறது, அதனால்தான் அந்த செல்கள் நிற்காமல் பிரிகின்றன. பிறவியிலேயே மிக நீளமான டெலோமியர் உள்ள சில குடும்பங்களை மேரி ஆர்மனியோஸ் குழுவினர் ஆராய்ந்து 2023இல் வெளியிட்டார்கள். அவர்களுக்குக் கட்டிகளும் ரத்த செல் கோளாறுகளும் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. குட்டையானாலும் ஆபத்து, நீண்டாலும் ஆபத்து.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு அந்தக் கேப்சூலைப் பாருங்கள். சீன வைத்தியத்தில் பயன்படும் அஸ்ட்ராகலஸ் வேரின் சாறு, "டெலோமரேஸைத் தூண்டும்" என்று போட்டு, ஒரு மாதத்துக்கு கிட் விலையில் பாதி. மறுபக்கம், 2024 ஜூனில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த இமெடெல்ஸ்டாட் என்ற மருந்து இருக்கிறது. எலும்பு மஜ்ஜைக் கோளாறால் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டிய சில நோயாளிகளுக்கு. அது செய்வது என்ன தெரியுமா? டெலோமரேஸை அடக்குவது. மருத்துவம் எந்த என்சைமை அடக்க மருந்து கொடுக்கிறதோ, அதையே தூண்டிவிட மாத்திரை விற்கிறார்கள், அதுவும் டாக்டர் சீட்டு இல்லாமல். கேப்சூல் தூண்டுகிறதா இல்லையா என்பதை விடுங்கள். தூண்டவில்லை என்றால் காசு போயிற்று, தூண்டினால் எனக்கு இன்னும் பயம்.

ஆப்பில் வரும் வாழ்க்கைமுறை அறிவுரைகள் மோசமில்லை: நடங்கள், தூங்குங்கள், புகையை விடுங்கள். இரண்டு ரிப்போர்ட்டிலும் ஒரே பட்டியல். 51க்கும் அதுதான், 61க்கும் அதுதான் என்றால் துப்பியது எதற்கு?

பதிவு செய்யும்போது ஒரு இடத்தில் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். "என் மாதிரியை எதிர்கால ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த ஒப்புக்கொள்கிறேன்" என்ற கட்டத்தில் டிக் முன்கூட்டியே விழுந்திருக்கிறது. எடுத்துவிட்டேன், எடுக்க விட்டது. மிச்ச சாம்பிளை அழிக்கச் சொல்லி மெயில் போட்டதற்கு அழித்துவிட்டோம் என்று பதிலும் வந்தது. அதற்கு ஒரு நல்ல மார்க்.

நாத்தனார் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார், "அண்ணி, நானும் ஒண்ணு போட்டுப் பாக்கட்டுமா, ஆஃபர் இன்னும் இருக்காம்" என்று. அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். அந்தக் காசில் ரத்த அழுத்தம், மூன்று மாத சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின் எல்லாம் பார்த்துவிட்டு மிச்சத்தில் நல்ல நடைச் செருப்பும் வாங்கலாம். அந்த டெஸ்டுகளில் வரும் நம்பருக்கு என்ன செய்ய வேண்டும் என்று டாக்டருக்குத் தெரியும்.

டெலோமியர் டெஸ்ட் யாருக்குமே வேண்டாம் என்று சொல்லவில்லை. உண்மையாகவே தேவைப்படும் குடும்பங்கள் உண்டு. சின்ன வயதிலேயே தலை முழுக்க நரைப்பது, நகம் சிதைவது, நாக்கில் வெள்ளைத் திட்டு, கழுத்துத் தோலில் வலை மாதிரி நிறமாற்றம், காரணம் தெரியாமல் ரத்த அணுக்கள் குறைவது, புகைபிடிக்காதவருக்கும் நுரையீரல் இறுகிப்போவது. இவற்றில் சில ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு இருந்தால் ரத்தநோய் நிபுணரிடம் போங்கள். டிஸ்கெரடோசிஸ் கன்ஜெனிட்டா போன்ற பரம்பரை டெலோமியர் நோய்களில் டெர்ட், டெர்க், டிகேசி1 போன்ற ஜீன்களில் கோளாறு இருக்கும். அதற்குப் பார்க்க வேண்டியது எச்சிலை அல்ல, புது ரத்தத்தை. ஃப்ளோ-ஃபிஷ் என்ற முறையில் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணு வகையைத் தனியாகப் பிரித்து அளப்பார்கள். அதே வயதுக்காரர்கள் நூறு பேரில் கடைசி ஒருவரைவிடவும் குட்டையாக வந்தால் சந்தேகம் வலுக்கும், ஜீன் டெஸ்ட் பார்ப்பார்கள். மஜ்ஜை மாற்றுக்கு அண்ணன் தம்பியிடம் செல் எடுக்கலாமா, அவர்களுக்கும் இதே கோளாறு ஒளிந்திருக்கிறதா என்பதெல்லாம் அந்த முடிவை வைத்துத்தான் தீர்மானமாகும். அந்த ரிப்போர்ட்டில் பச்சை வட்டமும் இருக்காது, வயதும் இருக்காது.